பேசாப் படத்தில் பேசிய ஆடை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் அதன் ஒழுங்கைக் கண்டு வியவாதிருத்தல் அரிது. மாதவி அரங்கேறுமுன் அவளை அரங்கேற்றுவோர் அனைவரும் வரிசையாக நம்முன் வந்து நிற்கின்றனர். ஆடலாசிரியன் வருகிறான்; இசையாசிரியன் வருகிறான்; பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழிசைப்போன் என ஒவ்வொருவனும் தத்தம் தகுதி தோன்ற வருகிறான். அரங்கின் நீளமும் அகலமும் கூறப்படுகின்றன. அவற்றை அளக்கும் மூங்கிற்கோலின் இயல்பு கூறப்படுகிறது. தூணின் நிழல் விழாவண்ணம் விளக்கு வைக்கும் முறை கூறப்படுகிறது. எழினி மூவகை என்பதும் கூறப்படுகிறது. இத்துணையும் கூறிய அடிகள் ஒருவரை மட்டும் கூறாது விட்டார். அன்று மாதவி உடுத்திருந்த ஆடையை வகுத்தவர் யார்?

அடிகள் ஆடை அணிகளின் அருமை அறியாதவர் என்று சொல்ல எவர்க்கும் நாவெழாது. கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகளை அவர் உறுப்பு உறுப்பாக அடுக்கிச் சொல்லும் அழகே அதற்குச் சான்று. இந்திரவிழவூரெடுத்த காதையிலோ மருவூர்ப்பாக்கத்து மாந்தருள் நுண்வினைக் காருகராகிய நெசவாளரையும், துன்னகாரராகிய தையற்காரரையும் மறவாது குடியிருத்துகிறார். ஆக, ஆடையும் தெரிந்தது. ஆடை செய்தவனும் தெரிந்தான். எனினும் வீதியிலே காணப்பட்ட துன்னகாரன் அரங்கின் பக்கத்திலே காணப்படவில்லை. இது அடிகள்மேற் குற்றங்கூறுதற்கன்று. அரங்கிற் பிறந்த கலைகளுள் கோலம் புனைவோனுக்குப் பெயரின்மை எத்துணைப் பழமையது என்பதைக் காட்டுதற்கே இதனை ஈண்டு எடுத்துக்கொண்டேன்.

இம்மறதி நாடக அரங்கோடு ஒழிந்திருப்பின் நன்று. திரைப்படம் பிறந்தபோது அதுவும் கூடவே வந்து திரையிற் புகுந்துகொண்டது. அதனை விளக்க, பேசாப் படக் காலத்திலே ஆடை வகுப்பவராகத் தொழில் தொடங்கிய ஓர் இந்தியப் பெண்மணியின் வாழ்வை எடுத்துக்கொள்வோம். அவர் பெயரை அறியாதார் சிலரே. அவர் ஆடை வகுத்தவர் என்பதை அறிந்தாரும் சிலரே. அவர்தாம் தேவிகா ராணி.

அவர் வரலாற்றுக்குப் போகுமுன், பேசாப் படத்திலே ஆடைக்கு இருந்த இடம் யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். வடமொழிப் பரதநூல் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்துவிகம் என நான்காக வகுக்கும். உடலாற் காட்டுவது, சொல்லாற் காட்டுவது, ஒப்பனையாற் காட்டுவது, உள்ளத்து மெய்ப்பாட்டாற் காட்டுவது என அவற்றைத் தமிழிற் சொல்லலாம். பேசாப் படத்திலே வாசிகம் என்பது அறவே இல்லை. இடையிடையே வரும் எழுத்தட்டையைப் படிக்கத் தெரிந்தவர் அக்காலத்துக் கொட்டகையில் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆகவே நாக்கு இழந்த கலைக்கு எஞ்சிய மூன்றுமே நாக்காயின. அவற்றுள்ளும் பாத்திரம் திரையில் தோன்றிய அக்கணத்திலேயே, அது கையசைக்குமுன்னே, கண்ணிமைக்குமுன்னே பேசத் தொடங்குவது ஆடை ஒன்றுதான். வருபவன் அரசனா ஆண்டியா, வருபவள் கன்னியா கைம்பெண்ணா என்பதை ஆடை சொல்லாவிடின் வேறெதுவும் சொல்லாது.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. வகுப்பில் இதனைச் சொன்னால் விஞ்ஞானம் கற்கும் மாணவர் நிமிர்ந்து உட்காருவர். அக்காலத்துப் படச்சுருளுக்கு நம் கண்ணுக்குள்ள நிறவுணர்ச்சி இல்லை. ஓதோகுரோமற்றிக் எனப்பட்ட அந்தச் சுருள் சிவப்பொளியை உணராது. நீலத்தையோ மிகுதியாக உணரும். அதனால் சிவந்த பட்டு திரையிலே கறுத்துத் தோன்றும். நீல வானம் வெளிறிப் போகும். நீலச் சேலை வெள்ளைச் சேலையாகிவிடும். மணப்பெண்ணுக்குச் சிவப்புக் கூறை உடுத்திப் படம் பிடித்தால், காண்போர்க்கு அவள் துக்கங் காப்பவள்போல் தோன்றுதலும் கூடும். தூய வெள்ளைத் துணியோ ஒளிபட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். அதனால் அதற்குச் சற்றே வேறு சாயம் ஏற்றி மங்கச் செய்தே உடுத்தினர். 1920களின் பிற்பகுதியிலே எல்லா நிறத்தையும் ஓரளவு ஒத்து உணரும் பான்குரோமற்றிக் சுருள் பரவும் வரையில் இந்த இடர் நீங்கவில்லை. ஆகவே அக்கால ஆடை வகுப்போர் கடையில் நின்று துணியைத் தேர்ந்தபோது, கண்ணாற் கண்ட நிறத்தை மறந்து, கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாயல்களிலே அத்துணி எவ்விடத்தில் வந்து நிற்கும் என்பதை மனத்தாற் காணவேண்டியிருந்தது. நிறத்தை நிறமின்மையாக மொழிபெயர்க்கும் புலமை இது. யாப்பறியாதார் செய்யுளியற்ற முடியாததுபோல இதனை அறியாதார் பேசாப் படத்துக்கு உடை வகுக்க முடியாது.

இந்தியாவிலே கதை சொல்லும் பேசாப் படத்தைத் தொடங்கி வைத்தவர் தாதாசாகிப் பால்கே. அவரது ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913இல் வெளிவந்தது. தாராமதியாக நடிக்கப் பெண்ணொருத்தி வேண்டும் என்று அவர் தேடாத இடமில்லை, ஒருத்தியும் இசைந்தாளில்லை. ஈற்றில் உணவுச்சாலையொன்றிற் சமையல் வேலை செய்த சாளுங்கே என்னும் இளைஞருக்குச் சேலை உடுத்தித் தாராமதி ஆக்கினார். அதே சாளுங்கே 1917இல் வந்த ‘இலங்கா தகனம்’ என்னும் படத்திலே இராமனாகவும் சீதையாகவும் இருவேறு கோலத்தில் ஒருவரே தோன்றினார். காண வந்தோர் அவ்விருவரையும் இருவராகவே கண்டு வணங்கினர். இராமனையும் சீதையையும் வேறு பிரித்தது எது? குரலா? படமோ பேசாதது. முகமா? முகம் ஒன்றுதான். ஆடையும் ஒப்பனையுமே அன்றோ! இதற்குமேல் ஆகார்யத்தின் ஆற்றலுக்குச் சான்று தேடுவார் எவருமிலர் என்றே கருதுகிறேன்.

அந்த ஆடைகளைத் துவைத்துக் காய வைத்தவர் பால்கேயின் மனைவி சரசுவதிபாய். படப்பிடிப்பாளர் கூட்டத்துக்குச் சோறு சமைத்தவரும் அவர்; படச்சுருளிலே துளையிட்டவரும் அவர். இன்று ஒரு திணைக்களமே செய்யும் வேலையை ஓர் இல்லத்தரசி செய்தார்.

இனித் தேவிகா ராணியிடம் வருவோம். அவர் 1908 மார்ச்சு 30ஆம் நாள் அக்காலச் சென்னை மாகாணத்தின் வடபகுதியிலிருந்த வால்டேரிலே பிறந்தார். தந்தையார் கேணல் மன்மதநாத் சௌதுரி. சென்னை மாகாணத்திலே சேர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்ற முதல் இந்தியர். கவியரசர் தாகூரின் குடும்பத்தோடு உறவுடைய குடி அவருடையது. சிறு பராயத்திலேயே இங்கிலாந்துக்குக் கல்விகற்க அனுப்பப்பட்ட தேவிகா, அங்கே நாடகமும் இசையும் கற்றதோடு கட்டடக்கலையையும், துணிகளில் உருவமும் கோலமும் வரையும் கலையையும் பயின்றார். ஒப்பனைப் பொருள்களாற் பேர்பெற்ற எலிசபெத் ஆடன் நிறுவனத்திலும் பயிற்சி பெற்றார். இலண்டனிலே துணிக்குக் கோலம் வரைந்து தம் உழைப்பாற் பொருளீட்டி நின்ற அவரை 1928இல் ஹிமான்சு ராய் சந்தித்தார்.

ஹிமான்சு ராய் அப்போது ஜேர்மனியரோடு கூட்டுச்சேர்ந்து இந்தியக் கதைகளைப் படமாக்கி வந்தவர். புத்தர் பெருமானின் கதையாகிய ‘பிரேம் சன்யாஸ்’ 1925இலும், தாஜ்மகாலின் கதையாகிய ‘ஷிராஸ்’ 1928இலும் வெளிவந்தன. மூன்றாவதாக அவர் எடுக்க எண்ணியது பாரதத்துச் சூதாட்டத்தைத் தழுவிய ‘பிரபஞ்ச பாஷ்’. அப்படத்தின் உடை, அலங்கார வேலைகளுக்குத் துணையாக வரும்படி அவர் தேவிகாவை அழைத்தார். நடிக்க அழைக்கவில்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்க. இருபது வயதுப் பெண், துணிக்குக் கோலம் வரையும் தம் கைத்திறன் ஒன்றையே கொண்டு இந்தியத் திரையுலகின் வாசலுக்குள் வந்தார். நற்குடிப் பெண்கள் அவ்வாசலைத் திரும்பியும் பாராத காலம் அது.

‘பிரபஞ்ச பாஷ்’ 1929இல் வெளிவந்தது. பிரான்ஸ் ஒஸ்டன் என்னும் ஜேர்மனியர் நெறிப்படுத்தினார். நிரஞ்சன் பால் கதையமைத்தார். இரஞ்சித், சோகத் என அயல்நாட்டு அரசர் இருவர். இருவர்க்கும் சூதிலே தீரா மோகம். முனிவர் மகளான சுனிதாவை இருவரும் விரும்புகின்றனர். சோகத் கள்ளக் கவறு கொண்டு ஆடி, இரஞ்சித்தின் நாட்டையும் உரிமையையும் பறிக்கிறான். சாரு ராயும் ஹிமான்சு ராயும் அரசர்களாக நடிக்க, சீதா தேவி என்னும் பெயர் பூண்ட ஆங்கிலோ இந்திய நடிகை சுனிதாவாக நடித்தார். இராசபுதனத்து அரண்மனைகளும் காடுகளும் களமாயின. பதினாயிரம் மாந்தரும் ஆயிரம் குதிரைகளும் ஐம்பது யானைகளும் அப்படத்திற் பங்குகொண்டதாகச் சொல்லுவர்.

பாரதத்துச் சூதுகளத்தை எண்ணும் தமிழ் மாணவனுக்கு உடனே நினைவுக்கு வருவது யாது? கவறா? சகுனியா? இல்லை, பாஞ்சாலியின் துகில். வில்லிபுத்தூராரைக் கற்றவனும் பாரதியின் பாஞ்சாலி சபதத்தைக் கற்றவனும் அங்கேதான் போய் நிற்பான். மானம் என்னும் பெரும்பொருளை ஒரு துணியிலே ஏற்றி வைத்த கதை அது. படத்திலே துகிலுரியும் காட்சி இல்லை. ஆயினும், ஆடையே மானமாக நின்ற கதையின் நிழலிலே ஆடை வகுக்கும் பெண்ணொருவரின் திரைத்தொழில் தொடங்கியது என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு வியப்புத் தோன்றாதிருப்பதில்லை.

அப்படத்தின் உடைகளைக் குறையின்றிப் புகழ நான் முன்வரவில்லை. அரண்மனைக் காட்சிகளில் மணியும் முத்தும் சரிகையும் குவிந்து கிடக்கின்றன. பாரதக் காலத்தை அவை காட்டவில்லை. இராசபுதனத்து அரசவையையே காட்டுகின்றன. ஐரோப்பியர்க்குக் கீழைநாடு எப்படித் தோன்ற வேண்டுமோ அப்படித் தோன்ற வைத்த மினுக்கு அதிலே உண்டு. ஜேர்மனியப் பணமும் ஆங்கிலப் பணமும் இட்ட படம் ஆதலின் அவர்தம் கண்ணுக்கு விருந்து வைக்க வேண்டியிருந்தது என்று அமைதி கூறலாம். ஆனால், அந்த மினுக்குக்கு நடுவே ஒன்றைக் காண்க. காட்டிலே முனிவர் மகள் எளிய உடையில் நிற்கும்போது அவள் யார் என்பதை எழுத்தட்டை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசர் உடை எவ்வளவு கனத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அவள் உடை கனமற்றிருக்கிறது. அவள் மணமகளாகக் கோலம் மாறும்போது அந்தக் கனம் அவள்மேலும் ஏறுகிறது. சூதாடுவோர் உலகத்துக்குள் ஒரு பெண் இழுக்கப்படுகிறாள் என்பதை ஆடையே நமக்கு உரைத்துவிடுகிறது. ஒரு சொல்லும் இல்லாமல் இத்தனை சொல்ல முடியுமாயின் அது உடையலங்காரம் மட்டுமன்று; உரையாடலும் ஆகும்.

அந்த ஆண்டே தேவிகா ராணி ஹிமான்சு ராயை மணந்தார். இருவரும் பேர்லின் சென்றனர். அங்கே உஃபா படக்கூடத்திலே அவர் தொழில் கற்றார். 1933இல் ‘கர்மா’ என்னும் பேசும் படத்திலே நடித்தார். 1934இல் கணவரோடு பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1936இல் ‘அச்சுத் கன்யா’ வந்தது. தீண்டப்படாதவள் எனத் தள்ளப்பட்ட ஒருத்தியின் காதற்கதை. 1940இல் கணவர் மறைந்தபின் நிறுவனத்தைத் தாமே நடத்தினார். 1944இல் ‘ஜ்வார் பாட்டா’ என்னும் படத்திலே யூசுப் கான் என்னும் இளைஞரைத் திலீப் குமார் என்னும் பெயரிட்டு அறிமுகஞ் செய்தவரும் அவரே. (பெயரும் ஒருவகை ஆடை போலும்! அதனை உடுத்திவிட்ட கை பழகிய கை.) 1945இல் திரையுலகை விட்டு நீங்கி ஓவியர் சுவெத்தொஸ்லாவ் ரோரிக்கை மணந்தார். 1958இல் பத்மஸ்ரீ பெற்றார். 1969ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருது, அவ்விருதின் முதல் விருது, அவருக்கே கிடைத்தது. 1994 மார்ச்சு 9ஆம் நாள் பெங்களூரிலே மறைந்தார்.

இந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலார் செய்வது யாது? ‘இந்தியத் திரையின் முதற் சீமாட்டி’ என்று தலைப்பிட்டு, 1928ஆம் 1929ஆம் ஆண்டுகளை ஒரு வரியிலே கடந்து, நேரே ‘கர்மா’வுக்குப் போய்விடுகின்றனர். ஆடை வகுத்த காலம் அவர்க்கு நடிகையாவதற்குமுன் காத்திருந்த திண்ணையாகிவிடுகிறது. இதனைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாளில் ஒரு படக்கூடத்தையே கட்டி ஆண்ட அறிவுக்கு அத்திவாரம் அந்தக் காலத்திலேதான் இடப்பட்டது என்பது என் துணிபு. நடிகை தன் முகத்தை அறிந்தால் போதும். ஆடை வகுப்பவரோ கதை முழுவதையும் அறியவேண்டும்; எந்தக் காட்சி எந்தக் காட்சிக்குப் பின் வரும், யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பர், ஒளி எங்கிருந்து விழும், செலவு எவ்வளவு, தையல் எந்நாளுக்குள் முடியும் என்பன அனைத்தும் அவர் கையிலே இருக்கவேண்டும். ஒரு நிறுவனத்தை நடத்துவோர்க்கு வேண்டிய கணக்கும் இதுவே.

‘அச்சுத் கன்யா’வைப் பற்றி ஒரு சொல். கிராமத்துப் பெண் கஸ்தூரியாக வரும் தேவிகா ராணியின் உடை எளியது, அளவானது, அதிலே தேர்ந்த கை தெரிகிறது. ஆனால் அந்தப் புருவங்கள்! மயிரிழைபோலத் தீட்டிய அப்புருவங்கள் இந்தியக் கிராமத்துக்கு உரியன அல்ல. அவர் இலண்டனிற் பயின்ற ஒப்பனைக் கூடத்துக்கு உரியன. ஏழைப் பெண்ணின் உடையைச் செம்மையாக உடுத்திய கை முகத்துக்கு வந்தபோது தளர்ந்துவிட்டது. பிறர்க்கு ஆடை வகுப்பது எளிது. தமக்குத் தாமே வகுப்பது கடிது போலும்.

“உடுத்தியவன் அன்றோ நடிக்கிறான்? ஆடையைக் கொடியில் தொங்கவிட்டால் அது நடிக்குமா?” என்று கேட்பார் உளர். இவர்க்கு மறுமொழியை ஐரோப்பாவிலே தேடப் போகவேண்டியதில்லை. மட்டக்களப்பு நாட்டுக் கூத்தைப் பார்த்தவரிடம் கேட்டால் போதும். வடமோடிக் கூத்திலே அரசனுக்குக் கரப்புடுப்பு என்று ஒன்று உண்டு. கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பைப்போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் அவ்வுடை கனமானது. அதனை உடுத்தியவன் நம்மைப்போல நடக்க முடியாது. கால் அகல வைக்கவேண்டும்; சுழலும்போது உடையின் வட்டத்தை எண்ணிச் சுழலவேண்டும்; தோள் தானே நிமிரும். ஆடுபவன் உடையை ஆட்டுகிறானா, உடை அவனை ஆட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. தென்மோடியில் உடை இலகுவானது. அதற்கேற்ப ஆட்டமும் நுணுக்கமும் விரைவும் உடையதாகிறது. ஆடை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு இரண்டு மோடிகளே சாட்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே இக்கூத்துக்களைச் செப்பமிட்டுப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது அண்ணாவிமார் பெயர் உலகறிந்தது. அது பெரிய தொண்டு. ஆனால் கரப்புடுப்புக் கட்டியவர்களின் பெயரை அண்ணாவியாரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்றளவும் நம்மிடம் வேரூன்றவில்லை.

நம் நாட்டிலும் பேசாப் படம் ஒன்று பிறந்தது. ‘ராஜகீய விக்கிரமய’ என்னும் அப்படத்தை 1925இல் டீ. ஏ. ஜே. நூர்பாய் என்னும் முசுலிம் வணிகர் தயாரித்தார். பின்னாளில் இடதுசாரித் தலைவராகவும் நிதியமைச்சராகவும் விளங்கிய என். எம். பெரேரா இளமையில் அதிலே நடித்தார். பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அப்படம், இலங்கை மக்கள் காணுமுன்னே தீக்கிரையாயிற்று என்பர். அக்காலச் சுருள் நைத்திரேற்றால் ஆனது, எளிதிற் பற்றுவது. கட்டியவன் பெயரும், நடித்தவன் பெயரும் தீயினின்று தப்பின. அரச கதைக்கு அரச உடை தைத்தவன் பெயர் தப்பவில்லை. இந்தியாவிலே எடுக்கப்பட்ட பேசாப் படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. முழுமையாகவோ துண்டாகவோ இன்று எஞ்சியவை மிகச் சில. நடராஜ முதலியார் சென்னையிலே எடுத்த ‘கீசக வதம்’ முற்றாக அழிந்துபோயிற்று. இந்நிலையில் ‘பிரபஞ்ச பாஷ்’ எஞ்சியிருப்பது நற்பேறு. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அதனைப் புதுக்கியது. இந்திய விடுதலையின் 60ஆம் ஆண்டாகிய 2007இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்திலே, நிட்டின் சோனி அமைத்த புதிய இசையோடு மக்கள் திரளுக்கு அது காட்டப்பட்டது. அன்று அதனைக் கண்டவர்கள் அந்த மணிகளையும் முத்துக்களையும் கண்டு வியந்திருப்பர்.

மேனாட்டிலும் இம்மறதி குறைந்ததன்று. 1916இல் வந்த ‘இன்ரொலரன்ஸ்’ என்னும் பெரும்படத்துக்கும், பின்னர் சிசில் பி. டெமில்லின் படங்களுக்கும் உடை வகுத்த கிளேர் வெஸ்ட் என்னும் பெண்மணியை ஹொலிவூட் வரலாற்றைத் துருவுவோரன்றிப் பிறர் அறியார். ஒஸ்கார்ப் பரிசுகள் 1929இல் தொடங்கின. உடை வகுப்போருக்கு அப்பரிசு முதன்முதல் வழங்கப்பட்டது 1949இலேயே. அதாவது பேசாப் படக் காலம் முழுவதும் கழிந்து, அக்காலத்துக் கைகள் பல ஓய்ந்தபின். அந்தப் பரிசை 1983இல் ‘காந்தி’ படத்துக்காகப் பெற்றவர் பானு அத்தையா. ஒஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவரே. ‘பிரபஞ்ச பாஷ்’ வெளிவந்த அதே 1929இல் பிறந்தவர். 2012இல், தமக்குப் பின் அதனைக் காப்பார் இல்லையோ என்னும் கவலையால் அப்பரிசைப் பரிசளித்த கழகத்திடமே திருப்பி ஒப்படைத்தார் என்னும் செய்தி என்னை மிகவும் வருத்தியது. 2020இல் அவரும் மறைந்தார்.

இவையெல்லாம் கல்முனைக் கரையிலிருந்து எழுதப்படுவானேன் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவரை மருதமுனைக்கு வந்து போகுமாறு அழைக்கிறேன். அவ்வூரின் கைத்தறி, இலங்கை முழுவதும் அறிந்தது. பாவு நீட்டி, நூலுக்குச் சாயமிட்டு, தறிக்குழியிற் காலிட்டிருந்து சாரமும் சேலையும் நெய்த குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. சாரத்தின் கட்டத்திலே எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வரவேண்டும், எத்தனை இழைக்கு ஒருமுறை மாறவேண்டும் என்பதை எண்ணி வகுத்தவர் ஒருவர் இருந்தே இருப்பார். தேவிகா ராணி இலண்டனிலே பள்ளிக்குச் சென்று கற்ற கலை எதுவோ அதனை இவர்கள் தறியடியிலே கற்றார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது உயிர்களும் வீடுகளும் போயின, தறிகளும் போயின. எஞ்சிய தறிகளை ஆலைத் துணியின் மலிவு நெருக்குகிறது. நெசவாளர் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போகின்றனர், போவதிற் பிழையில்லை. ஆனால், இன்ன கோலத்தை வகுத்தவர் இன்னார் என்று எழுதிவைத்த ஏடு ஒன்றையேனும் இப்பிள்ளைகளுக்கு நாம் காட்டக் கூடுமா?

எமது ஊர்ப் பெரியோர் சிலர் படத்தையும் நாடகத்தையும் விலக்கி வைப்பர். அவரோடு வழக்காட இக்கட்டுரை எழுந்ததன்று. ஆயினும் நெசவையும் தையலையும் விலக்கியவர் எவருமிலர். முதன்முதல் ஊசிகொண்டு ஆடை தைத்தவர்கள் நபி இத்ரீஸ் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் என்பது நம் மரபு வழங்கும் செய்தி. நபியொருவரின் கைத்தொழிலாக நினைவுகூரப்படும் தொழிலைச் செய்தவன் பெயரை நாம் மட்டும் மறந்துவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

காரைதீவிலே தோன்றிய விபுலானந்த அடிகள், பேசாப் படம் ஓங்கியிருந்த 1926ஆம் ஆண்டிலேயே ‘மதங்க சூளாமணி’யை வெளியிட்டு நாடகவியலைத் தமிழ்ப் பண்டிதர் கண்முன் வைத்தார். சேக்ஸ்பியரையும் தனஞ்சயரையும் ஒருங்கே வைத்துக் கற்பதற்கு அடிகள் அன்று கூசவில்லை. அவர் பிறந்த ஊருக்கு அயலூரார் நாம். நாடகத்தைக் கற்பிக்கும்போது பாட்டையும் உரையாடலையும் பாத்திரப் பண்பையும் கேட்டு வினா அமைக்கிறோம். இப்பாத்திரத்துக்கு நீ என்ன உடுத்துவாய், ஏன், என்று ஒரு வினாவைக் கேட்டுப் பார்ப்போமாக. கண்ணகிக்கு மதுரைக்குள் நுழையும்போது ஓர் உடை. வழக்குரைக்க அரண்மனைக்குப் போகும்போது ஓர் உடை. இரண்டும் வெவ்வேறா, அன்றி அதே உடைதான் புழுதி படிந்து கிடக்கிறதா? இதற்கு விடை எழுதும் மாணவி காப்பியத்தை மீண்டும் ஒருமுறை படித்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, இது தலைமையாசிரியர்க்கு. பாடசாலை நாடக விழாவுக்கு நாம் அச்சிடும் நிகழ்ச்சித் தாளிலே தலைவர் பெயர் வருகிறது. பிரதம அதிதி பெயர் வருகிறது. சிறப்பு அதிதிகள் பெயர் ஒரு பக்கம் வருகிறது. நன்றியுரை சொல்பவர் பெயரும் வருகிறது. இராமுழுவதும் விழித்திருந்து பழைய சேலையைக் கிழித்து அரசனுக்குச் சால்வை தைத்துக் கொடுத்த தாய்மாரின் பெயரும், அளவெடுத்து நின்ற மனையியல் ஆசிரியையின் பெயரும் வருவதில்லை. தாளில் இடமில்லை என்று அச்சகத்தார் சொல்வர். சிறப்பு அதிதிகளில் இருவரைக் குறைத்தால் இடமுண்டாகும்.